முற்றுகைக்குள் படியளப்பது யார்? கடல் மறிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்குள் பள்ளிக்கூடம் போன தலைமுறை நான். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வளர்ந்த மருமக்கள், செய்தியில் எங்காவது "முற்றுகை" என்ற சொல் விழுந்தால் எனக்குத்தான் அழைப்பெடுப்பார்கள். "மாமா, கப்பலை மறிச்சாச் சண்டை முடிஞ்சிடுமா?" என்று தொடங்கி அரை மணி நேரம் போகும். அவர்கள் கேட்டவற்றையும் நான் பிறகு தேடிப் படித்துச் சொன்னவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

முற்றுகை, பொருளாதாரத் தடை, வர்த்தகத் தடை எல்லாம் ஒன்றுதானா?

பேச்சில் ஒன்றாகத்தான் புழங்குகிறோம். ஆனால் "நான் உனக்கு விற்கமாட்டேன்" என்று கடைக்காரர் கடையைச் சாத்துவது வேறு. "வேறொருவரையும் உனக்கு விற்க விடமாட்டேன்" என்று ஆயுதத்தோடு உன் படலையில் வந்து நிற்பது வேறு. முதலாவது தடை, இரண்டாவது முற்றுகை. ஐ.நா. சாசனமும் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது: 41ஆம் உறுப்புரையில் பொருளாதாரத் தடை, 42ஆம் உறுப்புரையில் படைபலத்தோடு செய்யும் முற்றுகை.

தமிழில் இன்னொரு குழப்பமும் உண்டு. கோட்டையை வளைப்பதற்கும் கடலை மறிப்பதற்கும் நமக்கு ஒரே சொல்தான். வளைத்து நிற்பவனுக்கு உழிஞைப் பூ, உள்ளே நின்று காப்பவனுக்கு நொச்சிப் பூ என்று ஆளுக்கொரு பூப் பிரித்துக் கொடுத்த மொழி, கடலுக்கென்று தனிச்சொல் வைக்கவில்லை. இங்கே பெரும்பாலும் கடல் மறிப்பைப் பற்றியே பேசுகிறேன்.

"இந்தக் கடல் இனி மூடப்பட்டது" என்று அறிவித்துவிட்டால் போதுமா?

போதாது. அப்படி வாயால் மட்டும் மூடுவதற்குக் "காகித முற்றுகை" என்று பெயர். நெப்போலியன் காலத்தில் பிரான்சும் பிரித்தானியாவும் இதைத் தாராளமாகச் செய்தன. கிரிமியப் போர் முடிந்ததும் 1856இல் பாரிஸில் கூடிய வல்லரசுகள் ஒரு விதி வைத்தன: முற்றுகை செல்லுபடியாக வேண்டுமானால் அது உண்மையிலேயே வழியை அடைக்க வேண்டும். மறிக்கக் கப்பல் இல்லையென்றால் முற்றுகையும் இல்லை.

கடற்போர் விதிகளைத் தொகுத்த 1994ஆம் ஆண்டின் சான் ரெமோ கையேடு மேலும் சில நிபந்தனைகளைச் சொல்கிறது. முற்றுகையை முறைப்படி அறிவிக்க வேண்டும். எல்லா நாட்டுக் கப்பல்களையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும். நடுநிலை நாட்டின் துறைமுகத்தை அடைக்கக் கூடாது. மக்களைப் பட்டினி போடுவது மட்டுமே நோக்கமாக இருக்கக் கூடாது. அந்தக் கையேடு ஒப்பந்தமல்ல, அறிஞர்கள் எழுதியது. இருந்தாலும் வழக்காடுகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

முற்றுகை போட்டால் போர் அறிவித்ததாக அர்த்தமா?

அப்படித்தான் காலங்காலமாகக் கொள்ளப்பட்டது. 1974இல் ஐ.நா. பொதுச்சபை ஆக்கிரமிப்புக்கு வரைவிலக்கணம் கொடுத்தபோது, இன்னொரு நாட்டின் துறைமுகத்தையோ கரையையோ படைகொண்டு அடைப்பதையும் அதில் சேர்த்தது.

கென்னடி 1962இல் அந்தச் சொல்லையே தவிர்த்ததற்குக் காரணம் இதுதான். கியூபாவுக்குச் சோவியத் ஏவுகணைகள் போவதை மறிக்கக் கடற்படையை அனுப்பினார். ஒக்ரோபர் 22இல் தொலைக்காட்சியில் அறிவித்தபோது "தனிமைப்படுத்தல்" என்றார். தொற்று நோய்க்காரரை ஒதுக்கிவைக்கப் பயன்படுத்தும் சொல். உணவும் மருந்தும் போகலாம், ஆயுதம் போகக் கூடாது என்பதால் அந்தப் பெயருக்குக் கொஞ்சம் நியாயமும் இருந்தது. ஏறிச் சோதித்த கப்பல் லெபனானில் பதிவான 'மாருக்லா'. ஒக்ரோபர் 26இல் நிறுத்திப் பார்த்துவிட்டுப் போக விட்டார்கள். அதை மறித்து நிறுத்திய அமெரிக்க நாசகாரிக் கப்பல்களில் ஒன்றுக்குக் கென்னடியின் இறந்துபோன அண்ணனுடைய பெயர். திட்டமிட்டுச் செய்ததா தெரியாது, ஆனால் கதை எழுதுகிறவர் இப்படி எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

துறைமுக வாசலில் ஒரு கப்பலும் நிற்காமல் ஒரு நாட்டை முற்றுகையிட முடியுமா?

முடியும். முதலாம் உலகப் போரில் பிரித்தானியா யேர்மனிக்குச் செய்தது அதுதான். கண்ணிவெடியும் நீர்மூழ்கியும் வந்த பிறகு எதிரியின் துறைமுக வாசலில் போய் நிற்பது தற்கொலை. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: யேர்மனியிலிருந்து அத்திலாந்திக்குக்குப் போக இரண்டே வழிகள். தெற்கே டோவர் நீரிணை; அதைக் கண்ணிவெடியால் அடைத்தார்கள். வடக்கே ஸ்கொட்லாந்துக்கும் நோர்வேக்கும் இடைப்பட்ட கடல். அங்கே பயணிகள் கப்பல்களுக்குப் பீரங்கி பூட்டி ரோந்துக்கு விட்டார்கள். வந்த நடுநிலைக் கப்பல்களை ஓர்க்னித் தீவிலுள்ள கேர்க்வோலுக்குக் கொண்டுபோய்ச் சரக்கை இறக்கிச் சோதித்தார்கள்.

சட்டப்படி இது இடறல்தான். டென்மார்க், நோர்வே, ஒல்லாந்து எல்லாம் நடுநிலை நாடுகள். அவற்றுக்குப் போகும் வழியும் இதே வழி. 1909இல் இலண்டனிலேயே எழுதப்பட்ட கடற்போர்ப் பிரகடனம் பருத்தியைத் தடுக்க முடியாத பொருள் என்று பட்டியலிட்டிருந்தது. பிரித்தானியா அதைக் கடைசிவரை உறுதிப்படுத்தவில்லை. பருத்தியிலிருந்து வெடிமருந்து செய்யலாம் என்பதால் 1915 ஆகஸ்டில் அதையும் தடைப் பட்டியலில் போட்டது.

அப்படியானால் யேர்மனியைத் தோற்கடித்தது பட்டினியா?

இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்பவரை நம்பாதீர்கள்.

போருக்கு முன் யேர்மனி தன் உணவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை வெளியிலிருந்து எடுத்தது. மாட்டுத் தீவனமும் வெளியிலிருந்து வந்தது. பயிருக்கு வேண்டிய வெடியுப்பு சிலியிலிருந்து வந்தது. கடல் அடைபட்டதும் மூன்றும் நின்றன. காற்றிலிருந்து நைதரசன் எடுக்கும் புது முறை கையில் இருந்தது. ஆனால் அப்படிக் கிடைத்தது முதலில் வெடிமருந்துக்குப் போனது, வயலுக்கு மிச்சம்தான். கமக்காரனும் அவனுடைய குதிரையும் போர்முனையில்.

இதுவரை கப்பல் செய்த வேலை. மீதியை அரசாங்கமே செய்தது. தானியத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் உச்சவிலை வைத்தார்கள், இறைச்சிக்கு வைக்கவில்லை. கமக்காரன் முட்டாளா? கிழங்கைச் சந்தைக்குக் கொண்டுபோகாமல் பன்றிக்குப் போட்டு, பன்றியை விற்றான். உடனே பேராசிரியர்கள் கணக்குப் போட்டு, மனிதனின் சாப்பாட்டைப் பன்றி தின்கிறது என்று கண்டுபிடித்தார்கள். 1915 இளவேனிலில் இலட்சக்கணக்கான பன்றிகளை வெட்டித் தள்ளினார்கள். கொஞ்ச நாள் இறைச்சி குவிந்தது. பிறகு கொழுப்பு இல்லை, எரு இல்லை. அந்த ஆண்டு ஒக்ரோபரிலேயே பெர்லினில் பெண்கள் வெண்ணெய்க்காகக் கடைகளை உடைத்தார்கள்.

அடுத்த ஆண்டு மழை கூடி உருளைக்கிழங்கு அழுகியது. 1916–17 குளிர்காலத்துக்கு அங்கே "டர்னிப் குளிர்காலம்" என்று பெயர். அதுவரை மாட்டுக்குப் போட்ட கிழங்கு பாணுக்குள் போனது, சூப்பாக வந்தது, காய்ந்து அரைபட்டுக் கோப்பியாகவும் வந்தது. பங்கீட்டு அட்டை எல்லோரிடமும் இருந்தது, அட்டையில் எழுதிய சாமான்தான் கடையில் இல்லை. காசுள்ளவன் கறுப்புச் சந்தைக்குப் போனான். நகரத்துப் பெண் மூட்டையோடு கிராமத்துக்கு ரயிலேறி, மேசைவிரிப்பைக் கொடுத்து முட்டை வாங்கினாள்.

படைகள் 1918 கோடையிலிருந்து மேற்குமுனையில் போர்க்களத்திலேயே அடிவாங்கித் தோற்றன. அது பட்டினியின் கணக்கல்ல. ஆனால் நவம்பரில் மாலுமிகள் கலகம் செய்தபோது, மன்னருக்காகத் தெருவில் இறங்க ஒருவருமில்லை. ஒழுங்காகப் படியளக்கத் தெரியாத அரசு என்ற எண்ணம் மூன்று குளிர்காலமாக ஊறியிருந்தது. முற்றுகை உடைத்தது அந்த நம்பிக்கையைத்தான் என்பது என் அபிப்பிராயம்.

அதில் எத்தனை பேர் இறந்தார்கள்?

யேர்மன் அதிகாரிகள் 1918 டிசம்பரில் 7,63,000 என்றார்கள். பிற்கால ஆய்வுகளில் அதிகம் எடுத்தாளப்படும் எண் 4,24,000. பட்டினியால் நேரடியாகச் செத்தவர் குறைவு. உடல் மெலிந்த பிறகு காசநோயும் நிமோனியாவும் கொண்டுபோனவர்களை யார் கணக்கில் எழுதுவது என்பதில்தான் வித்தியாசம்.

போர் முடிந்ததும் வழியைத் திறந்துவிட்டார்களா?

இல்லை. இந்தப் பகுதியைச் சொன்னால் மருமக்கள் நம்புவதில்லை. 1918 நவம்பர் 11இல் துப்பாக்கி ஓய்ந்தது, முற்றுகை ஓயவில்லை. சமாதான உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கும்வரை பிடியைத் தளர்த்தக் கூடாது என்பது வென்றவர்களின் கணக்கு. உணவுக் கப்பலுக்கு 1919 மார்ச்சில்தான் இணக்கம் வந்தது. முழுதாக நீக்கியது யூலை 12இல், வேர்சாய் கையெழுத்தாகி இரண்டு கிழமைக்குப் பிறகு.

நடுவில் நிற்கும் நாடுகளின் பாடு?

சிலருக்கு வேட்டை, சிலருக்கு வேதனை. ஒல்லாந்து வணிகர்கள் 1914இல் ஓர் அமைப்பை உருவாக்கி, தங்கள் பெயருக்கு வரும் சரக்கு யேர்மனிக்குப் போகாது என்று பிரித்தானியாவுக்கு உத்தரவாதம் கொடுத்து வியாபாரத்தைக் காப்பாற்றினார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் லிங்கன் 1861 ஏப்ரலில் தென்மாநிலத் துறைமுகங்களை அடைத்தார். பருத்தி இல்லாமல் லங்காஷயர் ஆலைத் தொழிலாளர் வேலையிழந்தார்கள், பம்பாயில் பருத்தி வியாபாரிகள் ஒரே இரவில் கோடீசுவரர் ஆனார்கள். 1865இல் போர் முடிந்ததும் விலை சரிந்து அதே வேகத்தில் திவாலானார்கள்.

நடுநிலை நாட்டைச் சீண்டுவதில்தான் ஆபத்து. பிரித்தானியாவைப் பதிலுக்குப் பட்டினி போட நினைத்த யேர்மனி, 1917 பெப்ரவரி 1 முதல் கண்ட கப்பலையெல்லாம் எச்சரிக்கையின்றி மூழ்கடிக்க நீர்மூழ்கிகளை அவிழ்த்துவிட்டது. ஏப்ரல் 6இல் அமெரிக்கா போருக்குள் வந்தது. பிரித்தானியர் கப்பலை மறித்துச் சரக்கைப் பிடித்தார்கள், யேர்மனியர் ஆளோடு மூழ்கடித்தார்கள். அமெரிக்கா முன்னதற்குக் கடிதம் எழுதியது. பின்னதற்குப் படை அனுப்பியது.

விரைவாகப் பலித்த முற்றுகை ஏதாவது உண்டா?

1971 டிசம்பர். கிழக்குப் பாகிஸ்தானுக்கு (இன்றைய வங்காளதேசம்) மூன்று பக்கம் இந்தியா, நாலாவது பக்கம் வங்கக் கடல். அந்தக் கடலை இந்தியாவின் விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பல் பூட்டியது. அதிலிருந்து எழுந்த விமானங்கள் டிசம்பர் 4 முதல் சிட்டகாங்கையும் கொக்ஸ் பசாரையும் தாக்கின. விக்ராந்தைத் தேடி வந்த பாகிஸ்தானின் 'காசி' நீர்மூழ்கி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. விக்ராந்த் அப்போது அந்தமான் பக்கம் இருந்தது. விசாகப்பட்டினத்தில் நிற்பதுபோல் பொய்ச் செய்திகளை வானலையில் விட்டிருந்தார்கள். டிசம்பர் 16இல் பாகிஸ்தான் படை சரண். ஆனால் இது பட்டினியால் வந்த வெற்றியல்ல. தரைப்படை டாக்காவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, தப்பும் வழியும் உதவி வரும் வழியும் இல்லை என்பதைக் கடற்படை உறுதிசெய்தது. முற்றுகை துணைக்கு நின்றால் நாட்கணக்கில் பலிக்கும். தனியே நின்றால் வருடக்கணக்கு.

முற்றுகையை உடைக்க முடியுமா?

பெர்லின் உடைத்தது. 1948 யூன் 24இல் சோவியத் யூனியன், தன் பகுதிக்கு நடுவே மேற்கு நாடுகளின் கையில் இருந்த மேற்கு பெர்லினுக்கான ரயில், வீதி, வாய்க்கால் எல்லாவற்றையும் மறித்தது. 20 இலட்சத்துக்கு மேற்பட்ட சனம், கையிருப்பில் சுமார் 36 நாள் உணவு, 45 நாள் நிலக்கரி. வீதிக்கு எழுத்தில் உடன்பாடு இருக்கவில்லை. ஆனால் வான்வழிக்கு இருந்தது, 1945இல் எழுதிய மூன்று பாதைகள். மேற்கு நாடுகள் அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டன.

ஒரு நாள் தேவையை எழுதிய பட்டியலைப் பார்த்தபோது எனக்கு எங்கள் கூட்டுறவுச் சங்கக்கடைப் பலகை நினைவுக்கு வந்தது. மாவும் கோதுமையும் 646 தொன், காய்ந்த உருளைக்கிழங்கு 180, சீனி 180, உப்பு 38, கோப்பி 11, பாணுக்கு நொதியம் 3 தொன். உப்பு விமானத்தின் உலோகத்தை அரிக்கும் என்பதால், கடலில் இறங்கிப் பழகிய பறக்கும் படகுகளில் ஏற்றி ஹாவெல் ஏரியில் இறக்கினார்கள். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு சுமை உணவல்ல, நிலக்கரி. பொறுப்பை ஏற்ற ஜெனரல் டனர், உலகப் போரில் அசாமிலிருந்து இமயமலைக்கு மேலாகச் சீனாவுக்குச் சரக்கு பறக்கவிட்டவர். பைலட்டுகளின் வீரசாகசம் அவருக்குப் பிடிக்காது. மணிக்கூடு மாதிரி ஓட வேண்டும் என்பார். 1949 ஏப்ரல் 16இல் ஒரே நாளில் சுமார் 1,400 தரையிறக்கங்கள், ஏறத்தாழ 13,000 தொன்.

சோவியத் தரப்பு சும்மா இருக்கவில்லை. கிழக்குப் பகுதியில் வந்து பதிந்தால் பங்கீடு தருகிறோம் என்று அழைத்தது. மிகச் சிலரே போனார்கள். யாரிடம் படி வாங்குகிறோம் என்பது யாருக்குக் கீழே இருக்கிறோம் என்பதும்தான், அது பெர்லின்காரருக்குத் தெரிந்திருந்தது. மேற்கும் பதிலுக்குக் கிழக்கு யேர்மனிக்குப் போகும் உருக்கையும் நிலக்கரியையும் நிறுத்தியது. குழந்தைகளுக்கு இனிப்பு வீசிய விமானங்களின் கதையில் இது மறந்துபோகும். 1949 மே 12இல் வழி திறந்தது.

இந்தியா யாழ்ப்பாணத்துக்குச் சாப்பாடு போட்டதும் இப்படித்தானா?

பார்வைக்கு ஒன்று, கணக்கில் வேறு. 1987 தொடக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடை, மே கடைசியில் வடமராட்சியில் படை நடவடிக்கை. யூன் 3இல் ராமேஸ்வரத்திலிருந்து செஞ்சிலுவைக் கொடியோடு புறப்பட்ட சுமார் 20 படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் பெங்களூரிலிருந்து ஐந்து அன்ரனோவ் 32 விமானங்கள், பாதுகாப்புக்கு மிராஜ் போர்விமானங்கள். பெயர் "பூமாலை". விழுந்தது 20 தொன்னுக்குக் கொஞ்சம் மேல். குடாநாட்டுக்கு அது ஒருவேளைச் சமையலுக்கும் காணாது. விழுந்தது அரிசியல்ல, கொழும்புக்கு ஒரு கடிதம். யூலை 29இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது.

தொண்ணூறுகளின் தடையில் என்னென்ன இல்லை? எப்படி வாழ்ந்தீர்கள்?

இல்லாதவற்றைச் சொல்வது எளிது: மின்சாரம், பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, யூரியா. சவர்க்காரமும் மெழுகுதிரியும் நெருப்புப்பெட்டியும் கட்டுப்பாட்டில். பற்றரியில் கண்ணிவெடி, யூரியாவில் குண்டு, சீமெந்தில் பதுங்குகுழி என்று அரசாங்கத்துக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. சவர்க்காரத்தில் என்ன செய்யலாம் என்பதை இன்றுவரை ஒருவரும் எனக்கு விளக்கவில்லை.

படித்தது ஜாம் போத்தல் விளக்கில். போத்தலின் அடியில் பஞ்சு, பஞ்சு நனைகிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், கம்பியில் கொழுவிய மெல்லிய திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே இருப்பதால் காற்றுக்கு அணையாது, எண்ணெய் குடிக்காது. கொப்பியில் ஒரு வரிக்குத்தான் வெளிச்சம் விழும். அடுத்த வரிக்குப் போத்தலை நகர்த்த வேண்டும். காலையில் மூக்குத் துவாரம் கரியாக இருக்கும். உடுப்புத் தோய்க்கப் பனங்களி. மோட்டார் சைக்கிளுக்குச் சில துளி பெற்றோல் விட்டு உயிர்கொடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் புகை கக்க ஓட்டுவார்கள். இரவில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து அண்ணா பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும். செய்தி முடியுமுன் அவருக்குக் கை உளைந்தால் பிபிசி தமிழோசை நடுவசனத்தில் நின்றுவிடும். தெற்கே போவதானால் இரவில் கிளாலிக் கடனீரேரியைப் படகில் கடக்க வேண்டும். கடற்படை சுட்டு அதில் செத்தவர்கள் பலர்.

விசித்திரம் என்னவென்றால், அதே அரசாங்கம் கப்பலில் அரிசியும் மாவும் அனுப்பியது, ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்தது, பரீட்சை நடத்தியது. நிர்வாகம் கொழும்பினுடையது, ஊரோ விடுதலைப் புலிகள் இயக்கத்தினுடையது. வரும் சாமானுக்கு இயக்கம் வரி வாங்கியது. தட்டுப்பாடு கூடக் கூட, யாருக்கு எதை விடுவது என்று தீர்மானிக்கிறவர்களின் பிடியும் கூடியது. இயக்கத்தைப் பலவீனப்படுத்தப் போட்ட தடை, சனத்தை இன்னும் இறுக்கமாக அதன் கைக்குள் வைத்தது. அன்றைக்கு இதைச் சத்தமாகச் சொல்ல ஏலாது.

பட்டினியை ஆயுதமாக்குவது குற்றமில்லையா?

இப்போது குற்றம். 1977இன் ஜெனீவா மேலதிக நெறிமுறைகள் இரண்டும் தடுக்கின்றன, உள்நாட்டுப் போருக்கானது உட்பட. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சாசனத்தில் அது போர்க்குற்றம். ஆனால் "ஆயுதத்தைத்தான் மறித்தோம், உணவை அல்ல" என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கும். காசாவுக்கான கடல் முற்றுகையை உடைக்கப் போன கப்பல் தொகுதியில் 2010 மே 31இல் இஸ்ரேலியப் படை ஏறி ஒன்பது பேரைக் கொன்றது. அதை ஆராய்ந்த ஐ.நா. செயலாளர் நாயகத்தின் குழு 2011இல், முற்றுகை சட்டபூர்வமானது, பயன்படுத்திய பலம் மிதமிஞ்சியது என்றது. ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் ஐவர் சில நாளிலேயே, முற்றுகையே சட்டவிரோதம் என்றார்கள்.

யார் முதலில் அழுவார்கள் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. சங்க காலத்தில் சோழன் நலங்கிள்ளி ஆவூரை வளைத்தபோது, உள்ளே கதவடைத்திருந்த நெடுங்கிள்ளியிடம் புலவர் கோவூர் கிழார் சொன்னது: பாலில்லாமல் குழந்தைகள் அலறுகின்றன, பெண்கள் பூவில்லாத தலையை முடிகிறார்கள், தண்ணீரில்லாத வீடுகள் புலம்புகின்றன, அறமுள்ளவனானால் "உனது" என்று சொல்லிக் கதவைத் திற, மறமுள்ளவனானால் போருக்குத் திற. வளைத்தவனை விட்டு, உள்ளே சுகமாக இருந்தவனைப் போய்க் கேட்டார் பாருங்கள்.

முற்றுகை முடிந்துவிட்டது என்று எப்படி நிச்சயமாகத் தெரியும்?

பெர்லினில் வழி திறந்த பிறகும் விமானங்கள் செப்ரெம்பர் 30 வரை பறந்து கையிருப்பைச் சேர்த்தன. எங்களுக்கு 2002 ஏப்ரலில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்தது. கொழும்பு பஸ் வந்தது, கடைகளில் ஐஸ்கிறீம் வந்தது. அம்மா மட்டும் ஒரு பிஸ்கற் ரின்னில் மெழுகுதிரியும் நெருப்புப்பெட்டியும் சவர்க்காரக் கட்டியும் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளினா. "எல்லாம் முடிஞ்சுது அம்மா, ஏன் இது?" என்று சிரித்தோம். 2006 ஆகஸ்ட் 11இல் முகமாலையில் வீதி மூடியது. அன்றிரவு கரண்டும் இல்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து ரின்னை வெளியே இழுத்தா.